வட்டத்தின் நடுவே யார்?

இனுயிட் சமூகங்களில் குற்றத்துக்கு ஆளானோருக்கான துணைப்பணி: சில விசாரணைகள்

1

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டத்தில் கட்டுரை வாசித்தேன். ஆதிக்குடிகளின் நீதிமுறை பற்றியது. அரசின் நீதிமன்றம் தண்டனையின் எந்திரம். அதற்கு மாற்றாகக் குடிகள் வட்டமாக உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் முறையே ஜனநாயகமானது. அங்கே நீதிபதிக்கென்று உயர்ந்த நாற்காலி இல்லை, எல்லோரும் ஒரே மட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறதாகப் போனது அந்தக் கட்டுரை. ஃபூக்கோவை நாலு இடத்தில் இழுத்திருந்தேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கிறபோது, பெண்கள் மத்தியில் வேலை செய்கிற தோழி ஒருவர் கேட்டார்: "எல்லாஞ் சரி தோழர். அடி வாங்குனவ அந்த வட்டத்துல எங்க உக்காந்திருந்தா?"

என்னிடம் பதில் இல்லை. கட்டுரையில் குற்றம் செய்தவன் இருந்தான், அவனை ஒடுக்கிய அரசு இருந்தது, அவனை மீட்க வந்த ஊர் இருந்தது. அவள் இல்லை. அவள் வாங்கிய அடியை வைத்துத்தான் கட்டுரையே தொடங்கியிருந்தது என்றாலும் அவள் உட்கார அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.

நான் உதாரணமாக எடுத்துக்கொண்டது, கனடாவின் வடகோடியில் கங்கிக்சுயுவாக் என்ற இனுயிட் ஊரில் 1993-ல் நடந்த ஒரு 'தண்டனை வட்டம்'. தோழியின் கேள்விக்குப் பிறகு அதைத் திரும்பப் படித்தேன். அதிலிருந்து அங்கே குற்றத்துக்கு ஆளானவர்களுக்காக நடக்கிற வேலைகளைத் தேடிப் படித்தேன். இது அந்த வாசிப்பின் குறிப்புகள்தான். என் பழைய கட்டுரையின் மீதான விமர்சனமாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

2

'எஸ்கிமோ' என்றுதான் நமது பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்தது. பனிவீடு, சீல் வேட்டை, நாய்வண்டி என்று மூன்று படங்கள், அவ்வளவுதான். அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது இனுயிட் என்று. மனிதர்கள் என்பது பொருள். ஒருவரானால் இனுக். கனடாவில் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 70,500 பேர். இவர்களில் பத்தில் ஏழு பேர் 'இனுயிட் நுனங்கட்' என்கிற தாயகத்தின் 51 ஊர்களில் வாழ்கிறார்கள். அதன் பெரும்பகுதியான நுனவுட்டில் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை கிடையாது. விமானம், கோடையில் கப்பல், மற்றபடி பனிமேல் ஓடும் வண்டி.

1984-ல் தொடங்கிய 'பவுக்டூட்டிட்' என்கிற இனுயிட் பெண்கள் அமைப்பு, 2020-ல் காவல்துறையின் நடைமுறைகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நுனவுட்டுப் பெண்கள் வன்குற்றத்துக்கு ஆளாகிற விகிதம், கனடா முழுவதிலுமுள்ள பெண்களுக்கான விகிதத்தைப்போல 13 மடங்குக்கும் மேல் என்றது. இந்த எண்ணைத் தனியாக எடுத்து வைத்தால், 'அவர்களே அப்படித்தான்' என்கிற பழைய பல்லவிக்குச் சுருதி சேர்க்கும். எனவே அதன் பின்னாலிருக்கும் வரலாற்றையும் சேர்த்துத்தான் அதை வாசிக்க வேண்டும்.

1941-லிருந்து பெயருக்குப் பதிலாக எண் பொறித்த வட்டுகளைக் கொடுத்தது அரசு. 1953-லும் 1955-லும் குடும்பங்களைக் கப்பலேற்றி, சுமார் 2000 கிலோமீட்டர் வடக்கே, வேட்டை முறையே வேறான இருட்டுக்குள் கொண்டுபோய் இறக்கியது. அதே 50-களில் காசநோய் பரிசோதனைக்குக் கப்பல் வந்தது. நோய் கண்டவர்களை அப்படியே தெற்கே சானடோரியத்துக்குக் கொண்டுபோனது. பலர் திரும்பவில்லை, எங்கே புதைத்தார்கள் என்ற விவரம்கூடப் பல குடும்பங்களுக்குச் சொல்லப்படவில்லை. பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்குப் போனார்கள். வேட்டைக்கும் போக்குவரத்துக்கும் ஆதாரமாயிருந்த நாய்களைக் காவலர்கள் சுட்டார்கள். நாய் போனால் வேட்டை போச்சு. வேட்டை போனால் ஓரிடத்தில் குந்திக்கொண்டு அரசு தரும் வீட்டை எதிர்பார்க்க வேண்டியதுதான். இன்றைக்கு அந்த வீடுகளின் நிலை என்ன? தாயகத்திலிருக்கும் இனுயிட் மக்களில் 52.9 சதவீதம் பேர் நெரிசலான வீடுகளில் வாழ்கிறார்கள் என்றது 2021 கணக்கெடுப்பு.

இதில் ஒரு பொதுத்தன்மையைக் கவனிக்கலாம். எண் கொடுத்தவரும், குடிபெயர்த்தவரும், நோயைக் கண்டுபிடித்தவரும், படிப்புச் சொல்லித்தர வந்தவரும் உதவி செய்ய வந்ததாகவே சொல்லிக்கொண்டார்கள். உதவி என்பது அங்கே வெளியிலிருந்து வந்து யாரையாவது கூட்டிக்கொண்டு போவது. அந்த ஞாபகத்தோடுதான் இன்றைக்கு இரவு ஒரு பெண் போலீசைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். கூப்பிட்டால் வருகிறவர் இரண்டு மூன்று வருஷத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் தெற்கத்திக்காரராக இருக்கலாம். அவருக்கு இனுக்டிடுட் மொழி தெரியாது. 'பாதுகாப்பு' என்றால் பெரும்பாலும் விமானத்தில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்புவது. அடித்தவன் வீட்டில் இருப்பான், அடிபட்டவள் நாடு கடப்பாள். பாட்டியைக் கொண்டுபோன கப்பலுக்கும் பேத்தியைக் கொண்டுபோகிற விமானத்துக்கும் நோக்கத்தில் வித்தியாசம் இருக்கலாம், ஏறுகிறவளுக்கு அது ஒரே பயணம்தான்.

2024 நவம்பர் 23 அன்று, வடக்குக் கியூபெக்கின் நுனவிக் பகுதியில் நாய்கள் கொல்லப்பட்டதற்காகக் கனடிய அரசு மன்னிப்புக் கேட்டது. நாலரைக் கோடி டாலர் இழப்பீடும் அறிவித்தது. அரசின் வாயாக நின்று மன்னிப்பைச் சொன்ன அமைச்சர் கேரி ஆனந்தசங்கரி. 1983-ல் சிறுவனாக இலங்கையிலிருந்து அகதியாகப் போய்ச் சேர்ந்த தமிழர். 2025 மே மாதம் அவர் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார், ஆர்.சி.எம்.பி. என்கிற அந்நாட்டுக் குதிரைப்படைப் போலீஸ் அந்தத் துறையின் கீழ்தான் வருகிறது. 'நம்மாளு' என்று பெருமைப்படுவது ஒரு வாசிப்பு. அரசு ஒன்றால் துரத்தப்பட்டவரின் குரலை இரவல் வாங்கி இன்னோர் அரசு தன் பழைய கணக்கை முடித்துக்கொள்கிறது என்பது இன்னொரு வாசிப்பு. எனக்கு இரண்டுமே அவசரமாகப் படுகிறது. அந்த மன்னிப்பு தேவையான ஒன்று. நாய்களைப் பறிகொடுத்த கிழவர்கள் அதற்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். என்னை நிறுத்தியது வேறொன்று. மன்னிப்புக் கேட்கப்பட்ட ஊர் கங்கிக்சுயுவாக். 1993-ல் அந்த வட்டம் நடந்த அதே ஊர்.

3

வட்டத்துக்குப் போவதற்கு முன்னால், 'பண்பாடு' என்கிற சொல் அங்கே நீதிமன்றத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

1984-ல் வடமேற்குப் பிரதேச நீதிமன்றம் ஒன்றில் ஒரு வழக்கு. 13 வயதுச் சிறுமியிடம் பாலியல் குற்றம் செய்ததாக மூன்று இனுயிட் ஆண்கள் ஒப்புக்கொண்டார்கள். நீதிபதி கொடுத்தது ஒரு வாரச் சிறை. பூப்பெய்திய பெண்ணை உறவுக்குத் தயாரானவளாகக் கருதுவது அவர்கள் பண்பாடு என்று அவர் நம்பினார். மேல்முறையீட்டில் தண்டனை கூடியது. எங்கள் பண்பாடு அதுவல்ல என்று இனுயிட் பெண்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு ஆர்க்டிக் பே ஊரில் இன்னொரு பாலியல் குற்ற வழக்கு. ஊர்ப் பெரியவர்களின் 'இனுமாரிட்' குழு ஆலோசனை சொல்லித் திருத்தும் என்பதால் 90 நாள் சிறை போதும் என்றது கீழ்நீதிமன்றம். 1986-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 18 மாதமாக்கியது. மேலேயும் கீழேயும் சூடாக விவாதிக்கப்பட்டது, அந்தக் குழு அசல் மரபா இல்லையா என்பது. மரபின் அசல்தன்மையைப் பற்றி வெள்ளைக்கார நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குற்றத்துக்கு ஆளானவள் அந்த விவாதத்துக்கு ஓர் அடிக்குறிப்பு.

பிறகு 1999 ஏப்ரல். அந்த மாதம் 1-ஆம் தேதி நுனவுட் தனிப் பிரதேசமாகப் பிறந்தது. அதே மாதத்தில் கனடிய உச்ச நீதிமன்றம் கிளாடியூ வழக்கில், ஆதிக்குடியினருக்குத் தண்டனை விதிக்கும்போது அவர்கள் சமூகம் பட்ட வரலாற்றைக் கணக்கில் எடுத்தே தீர வேண்டும் என்றது. இதை நான் எதிர்க்கவில்லை. சிறைகளை ஆதிக்குடிகளால் நிரப்பி வைத்திருக்கும் ஒரு நாட்டில் அந்தத் தீர்ப்பு அவசியமானது. ஆனால் திசையைப் பாருங்கள். பண்பாடும் வரலாறும் சட்டத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு தடவையும் குற்றவாளிக் கூண்டின் பக்கமாகவே நுழைந்திருக்கின்றன. அவனுக்குப் பண்பாடு உண்டு, அவளுக்குக் காயம் மட்டுந்தான் உண்டு என்கிறதுபோல. அவளும் அதே எண் வட்டுகளின் பேத்தி, அதே விடுதிப் பள்ளியின் மகள் இல்லையா? அவன் கையை ஓங்கியதற்கு வரலாறு காரணமானால், அவள் ஏன் இத்தனை காலம் யாரிடமும் சொல்லவில்லை என்பதற்கும் அதே வரலாறுதான் காரணம்.

4

இப்போது அந்த வட்டம். மனைவியை அடித்த வழக்கு. நீதிபதி, வக்கீல்கள், ஊரார், கணவன், மனைவி என்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று பேசினார்கள். சிறைக்குப் பதிலாக ஊராரின் துணையோடு ஆலோசனை என்று முடிந்தது. என் பழைய கட்டுரை இங்கேதான் கைதட்டல் வாங்கியது.

பவுக்டூட்டிட் அமைப்புக்காக அந்த வட்டத்தை நேரில் கவனித்து எழுதிய மேரி கர்ன்கோவிச்சின் அறிக்கையை நான் அப்போது படித்திருக்கவில்லை. அவர் கவனித்தது அந்த மனைவியின் மௌனத்தை. அவள் பேசியது கொஞ்சம். ஊரே கணவனைத் திருத்த முனைந்து நிற்கும்போது, ஊரின் கண் முன்னால், திரும்பப் போய் வாழவேண்டிய அதே வீட்டின் ஆள் முன்னால், அவள் என்னத்தைச் சொல்வாள்? சொன்னால் ஊர் எடுத்த நல்ல முயற்சியைக் கெடுத்தவள் ஆவாள். எல்லோரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அதிகாரம் சமமாகிவிடாது. கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். உயர்ந்த நாற்காலியிலாவது அதிகாரம் எங்கே இருக்கிறதென்று தெரிகிறது.

இன்னொரு விஷயம். இந்தத் 'தண்டனை வட்டம்' இனுயிட் மரபே அல்ல. 1992-ல் யூகான் பிரதேசத்தில், முற்றிலும் வேறான ஓர் ஆதிக்குடி சமூகத்தின் வழக்கில், ஒரு நீதிபதி தொடங்கி வைத்த முறை அது. அங்கிருந்து நுனவிக்குக்கு வந்தபோது 'அவர்கள் மரபு' என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஆதிக்குடி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்கிற காலனியப் பொதுமைப்படுத்தல் மாற்று நீதியின் வேஷத்தில் திரும்பி வந்திருந்தது. நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

'அப்படியானால் பழைய நீதிமன்றமே மேலா?' என்று கேட்கலாம். அதுவும் இல்லை. நுனவுட்டில் நீதிமன்றம் ஊர் ஊராகப் பறந்து வருகிறது. நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வக்கீல் எல்லோரும் ஒரே விமானத்திலிருந்து இறங்குகிறார்கள். ஊர்ப் பொதுக்கூடத்திலோ பள்ளியின் விளையாட்டுக் கூடத்திலோ அமர்வு. அவளுடைய சாட்சியத்தை மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல, கேட்பவர்களில் பாதிப்பேர் அவள் சொந்தக்காரர்கள். வானிலை கெட்டால் விமானம் வராது, வழக்கு அடுத்த முறைக்குப் போகும். அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டதெல்லாம் வீண்.

5

இங்கே மௌனம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஜீன் பிரிக்ஸ் என்கிற மானிடவியலாளர் 1963-லிருந்து 1965 வரை சான்ட்ரி இன்லெட் பகுதியில் ஓர் இனுயிட் குடும்பத்தின் வளர்ப்பு மகளாகத் தங்கியிருந்தார். மீன்பிடிக்க வந்த வெள்ளையர்கள் ஒரு படகைச் சேதப்படுத்திவிட்டு இன்னொன்றையும் இரவல் கேட்டபோது அவர் அவர்கள்மேல் சீறினார். குடும்பத்துக்காகத்தான் சீறினார். ஆனால் அந்தச் சீற்றத்துக்காகவே அந்தக் குடும்பம் அவரை மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்தது. அறிவு முதிர்ந்த மனிதர் கோபப்படமாட்டார், கோபம் குழந்தைத்தனம். 1970-ல் வந்த அவருடைய நூலின் செய்தி இது.

இந்தச் செய்தியைத் துணைப்பணியில் எப்படிப் பயன்படுத்துவது? தெற்கத்தி உளவியல் ஆலோசகர் வந்து, 'உன் கோபத்தை வெளியே கொட்டு' என்று சொன்னால் அவள் தன்னைத்தானே கேவலப்படுத்திக்கொள்ளச் சொல்வதாகத்தான் அவளுக்குப் படும். அவள் பேசாமல் இருப்பதை 'ஒத்துழைக்கவில்லை' என்று கோப்பில் எழுதுவது அறியாமை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'எங்கள் பண்பாட்டில் கோபம் கிடையாது' என்று சொல்லி அவள் வாயைப் பொத்துவதும் நடக்கும். ஒரே மரபு, பேசுகிறவர் யார் என்பதைப் பொறுத்து போர்வையாகவும் ஆகிறது, வாய்க்கட்டாகவும் ஆகிறது.

நுனவுட் ஆர்க்டிக் கல்லூரி முதியோரிடம் கேட்டுப் பதிந்த பழைய நெறிமுறைகளை வாசிக்கிறபோது ஒன்று பளிச்சென்று தெரிகிறது. செய்த தவறை மறைத்து வைத்தால் அது அழுகும். செய்தவனை மட்டுமல்ல, அவன் குடும்பத்தையும் முகாமையும் பிடிக்கும். ஆகவே வெளியே சொல்லிவிட வேண்டும். ஃபூக்கோ சொல்கிற ஒப்புதல் வாக்குமூலத்தோடு இதை அப்படியே சமப்படுத்திவிட முடியாது. இங்கே வாக்குமூலம் ஒரு மேலதிகாரியிடம் ஒப்படைக்கப்படுவதில்லை, எல்லோர் நடுவிலும் கொட்டப்படுகிறது. முக்கியமானது, பேசவேண்டிய சுமை யார்மேல் விழுகிறது என்பது. தவறு செய்தவர்மேல். நவீன நீதிமன்றம் இதைத் தலைகீழாக்கியது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மௌன உரிமை. குற்றத்துக்கு ஆளானவளுக்குப் பேசும் கடமை, அதற்கு மேல் குறுக்கு விசாரணை.

இதைச் சொல்லிவிட்டுப் பழமையைக் கொண்டாட முடியாது. அந்த ஒப்புதல் மரபின் பாரம் பெண்கள்மேலும் கடுமையாக இறங்கியிருக்கிறது. 1921-24 தூலே பயணத்தில் ராஸ்முசன் பதிவு செய்த இக்லூலிக் சடங்குகளில், நோய்க்கும் பஞ்சத்துக்கும் காரணம் தேடி, விலக்குகளை மீறினாயா, கருக்கலைந்ததை மறைத்தாயா என்று துளைக்கப்பட்டவர்கள் பெண்கள்தான். மரபு ஒரு பெட்டி என்றால் அதில் மருந்தும் இருக்கிறது, சாட்டையும் இருக்கிறது. எதை எடுப்பது என்று முடிவு செய்கிற கை யாருடையது என்பதே கேள்வி.

6

அந்தக் கை இனுயிட் பெண்களுடையதாகவும் பட்டவர்களுடையதாகவும் ஆகும்போது என்ன நடக்கிறது? சில உதாரணங்கள்.

பாஃபின் தீவின் கிளைட் ரிவர் ஊரில் 1997-லிருந்து 'இலிசக்சிவிக்' இயங்குகிறது. ஊர்க்காரர்களையே ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்கிறார்கள், பேச்சு இனுக்டிடுட்டில். நாற்காலிக்கு எதிர் நாற்காலி போட்டு 'சொல்லுங்கள்' என்பதோடு வேலை முடிவதில்லை. வெளியே நிலத்துக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போடுகிறார்கள், சேர்ந்து தைக்கிறார்கள், வேட்டை உணவைப் பங்கிட்டுத் தின்கிறார்கள். தையலில் கண் ஊசிமேல் இருக்கும். எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கோபத்தைக் காட்டாமலே கதையைச் சொல்லிவிடலாம். பிரிக்ஸ் கண்ட மரபை வாய்க்கட்டாக்காமல் போர்வையாக்குவது என்றால் இதுதான்.

2008-ல் நடைமுறைக்கு வந்த நுனவுட்டின் குடும்ப வன்முறைத் தலையீட்டுச் சட்டத்தில் உள்ள ஆணைகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று அவசரப் பாதுகாப்பு ஆணை. அடித்தவனை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லலாம். இன்னொன்று சமூகத் தலையீட்டு ஆணை. இருவரும் மரபுவழி ஆலோசகரிடம் போகலாம். எதைக் கேட்பது என்பது அவள் தேர்வாக இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. இரண்டாவதை மட்டும் 'நம்ம வழக்கம்' என்று ஊர் அவள் கையில் திணிக்கும்போது மறுபடியும் 1993-தான்.

2019-ல் இக்கலூயிட் நகரில் 'உமிங்மாக்' மையம் திறந்தது. வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்கானது. போலீஸ், மருத்துவம், குழந்தை நலம் என்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய கொடுமை இல்லாமல், எல்லோரும் குழந்தை இருக்கிற இடத்துக்கு வருகிறார்கள். உமிங்மாக் என்றால் கஸ்தூரி எருது. ஓநாய் வந்தால் அந்த எருதுகள் ஓடுவதில்லை. வட்டமாக நின்றுகொள்கின்றன, கொம்புகள் வெளிப்பக்கமாக, கன்றுகள் உள்ளே.

இதுவும் வட்டம்தான். இந்தக் குழந்தைகள் மைய முறையும் வெளியிலிருந்து வந்ததுதான். 1985-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தொடங்கியது. யூகானிலிருந்து வந்த வட்டமும் இரவல், அலபாமாவிலிருந்து வந்த மையமும் இரவல். அசலா நகலா என்று பார்த்தால் இரண்டும் தோற்கும். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. முதல் வட்டத்தில் அடிபட்டவள் வட்டத்தின் விளிம்பில் பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்திருந்தாள். நடுவே இருந்தது அவனுடைய எதிர்காலமும் ஊரின் அமைதியும். இரண்டாவதில் நடுவே கன்று. கொம்புகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதிலும் குழப்பமில்லை. பண்பாட்டைத் தழுவிய துணைப்பணி என்று எதைச் சொன்னாலும் நான் இனி இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். தூய்மையைப் பற்றிய கேள்வி பண்டிதர்களுக்கு ஆகட்டும்.

நடுவில் வைப்பது என்பது உருவகத்தோடு நின்றுவிடக்கூடாது. காணாமல்போன, கொல்லப்பட்ட ஆதிக்குடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணையின் அமர்வுகளில் 'குல்லிக்' ஏற்றப்பட்டது. சீல் கொழுப்பில் எரியும் கல்விளக்கு, பெண்கள் பராமரிப்பது, பனிவீட்டில் வெளிச்சம், சூடு, குடிநீர், காய்ந்த துணி எல்லாம் அதிலிருந்துதான். சாட்சி சொல்ல வந்தவர்களுக்கு அது பெரிய தெம்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அரசுகளுக்கு விளக்கேற்றுவது பிடிக்கும், குத்துவிளக்கு மேடைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 ஜூனில் வந்த அதன் இறுதி அறிக்கையில் இனுயிட் மக்களுக்கென்றே 46 கோரிக்கைகள். அவற்றில் வீடு வருகிறது, புகலிடம் வருகிறது, மொழி வருகிறது. 51 ஊர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பெண்களுக்குப் புகலிடம் இல்லை என்று பவுக்டூட்டிட் திரும்பத் திரும்பக் கத்திய பிறகு, 2021-ல் ஐந்து புதிய புகலிடங்களுக்கு நிதி அறிவித்தது ஒன்றிய அரசு. ஐந்து! குல்லிக் எரிய ஒரு கூரை வேண்டும் என்பதுதான் அந்தப் பெண்கள் சொல்கிற பண்பாட்டு விளக்கம்.

7

கடைசியாக ஒரு வழக்கு. அது முடியவே இல்லை.

1960-களில் நுனவுட் பகுதியில் குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பாதிரியார் ஜோஹான்னஸ் ரிவுவார். மரியஸ் துங்கிலிக் என்ற இனுக் 1990-களின் தொடக்கத்தில் தனக்கு நேர்ந்ததைப் பொதுவில் பேசினார். 1993-ல் பாதிரியார் பிரான்சுக்குப் போய்விட்டார். 1998-ல் பிடிவாரண்டு, 2017-ல் வழக்கு நிறுத்தம், 2022-ல் புதிய குற்றச்சாட்டு. துங்கிலிக் 2012-லேயே இறந்துவிட்டார். 2022 செப்டம்பரில் நுனவுட் துங்காவிக் அமைப்பு ஒரு குழுவாகப் பிரான்சுக்கே போனது. துங்கிலிக்கின் மகளும் அதில் இருந்தார். முதியோர் இல்லத்திலிருந்த ரிவுவாரை நேருக்கு நேர் சந்தித்தார்கள். அவர் மறுத்தார். அடுத்த மாதம் பிரான்சு அவரை ஒப்படைக்க முடியாது என்றது. 2024 ஏப்ரலில் அவர் இறந்தார். எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

சட்டத்தின் கணக்கில் விடை பூஜ்யம். ஆனால் அந்தப் பயணத்தை நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். யாரையும் கொண்டுபோகாத ஒரு விமானம் அது; அவர்களாக ஏறிப் போனார்கள். தனியாகப் போகவில்லை. மறைத்தவர்தான் பேச வேண்டும் என்கிற பழைய நெறியை அவருடைய வாசலுக்கே கொண்டுபோய் வைத்தார்கள். அவர் பேச மறுத்தது அவர் பாடு. பேசவேண்டியவர் யார் என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

தமிழில் நாம் 'பாதிக்கப்பட்டவர்' என்கிறோம். செயப்பாட்டு வினை, யாரோ செய்தது, இவர்மேல் நடந்தது, இவர் வெறும் இடம். அதே 'படு' என்கிற வினையிலிருந்துதான் 'பட்டறிவு' என்ற சொல்லும் வருகிறது. பட்டவளுக்குத் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். இனுயிட் மக்கள் தங்கள் மரபறிவை 'கவுயிமாயதுகங்கிட்' என்கிறார்கள். நெடுங்காலமாக அறிந்து வந்தது. எனக்கு இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைக்கத் தோன்றுகிறது. பட்டவளை, உதவியைப் பெறுகிறவளாக மட்டும் வைக்கிற துணைப்பணி, அது எத்தனை மரபுப் பாட்டோடு வந்தாலும், பழைய கப்பல்தான். அவளை அறிந்தவளாக வைக்கிற துணைப்பணி, அது அலபாமாவிலிருந்து வந்தாலும், அவள் ஊருடையதாகிவிடும்.

அந்தத் தோழியைப் பிறகு பார்த்தேன். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, ஒங்க கட்டுரைய அங்க யாராவது ஒரு பொம்பள எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பா?" என்றார். எழுதியிருக்கிறார்கள். பவுக்டூட்டிட் 1984-லிருந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. நான்தான் முதலில் நீதிபதிகளைப் படித்தேன், பிறகு மானிடவியலாளர்களை, பிறகு ஃபூக்கோவை. அவர்களைக் கடைசியாக. என் வாசிப்பின் வரிசையும் ஒரு வட்டம்தான். அதில் அவர்களை எங்கே உட்காரவைத்திருந்தேன் என்பது இப்போது தெரிகிறது.